ராயக்கோட்டையில் மூணு நாள் கணக்கு

ராயக்கோட்டை என்றதும் சரித்திர வாத்தியார் 1791 என்பார். மூன்றாம் மைசூர் யுத்தத்தில் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினிப் படை பிடித்த மலைக்கோட்டை. ரயில்வேக்காரரைக் கேட்டால் தர்மபுரியிலிருந்து ஓசூர் போகிற பாதையில் ஒரு ஸ்டேஷன் என்பார். கோயம்பேடு மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள். "தக்காளி ஸார்!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

கடைசியில் சொன்னதுதான் இன்றைய தேதிக்குப் பொருத்தம். கோட்டை மலை மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஊர்தான் கீழே தக்காளிக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடை வாசனைக்கு முன்னால் தக்காளி வாசனை வந்து விசாரிக்கிறது. நல்ல தக்காளி, நசுங்கின தக்காளி, நேற்றைய தக்காளி என்று மூன்று தினுசு. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் நாலு கிரேட், ஆட்டோவில் பதினைந்து கிரேட், மினி லாரியில் எண்ண முடியாத கிரேட். (கிரேட் என்றால் பிளாஸ்டிக் பெட்டி. 25 கிலோ கொள்ளும். இந்த ஊரில் கிலோக் கணக்கில் பேசினால் வெளியூர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.) தமிழில் விலை கேட்கிறார்கள், தெலுங்கில் பேரம் பேசுகிறார்கள், கோபம் வந்தால் கன்னடம். மூன்று மாநிலம் முட்டிக்கொள்கிற பக்கம் அல்லவா!

நான் போனது கோட்டை பார்க்க அல்ல. புழு பார்க்க.

சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 14 தக்காளிச் செடிகள் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதம் என் மனைவி எடுத்துக்கொண்ட சபதத்தின் விளைவு அவை. செடி நன்றாகத்தான் வருகிறது. காயும் காய்க்கிறது. காய்த்த காயில் பாதிக்கு மேல் வட்டமாக ஒரு ஓட்டை. ஃபைலில் பேப்பர் கோர்க்கப் பஞ்ச் பண்ணுவோமே, அந்த மாதிரி. பி.காம். படித்தவனுக்கு வேறு உவமை தோன்றாது, மன்னிக்கவும்.

மனைவியின் சித்தப்பாவுக்கு ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் தக்காளி. போனில் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"மாப்பிள்ளை, உங்க வீட்ல இருக்கறது ப்ராஞ்ச் ஆபீஸ். ஹெட் ஆபீஸ் இங்க இருக்குது. ஒரு நாலு நாள் வந்துட்டுப் போங்க."

மாசி மாதக் கடைசி. கிருஷ்ணகிரி வரை பெரிய பஸ், அங்கிருந்து சின்ன பஸ், அப்புறம் மச்சானின் மோட்டார் சைக்கிள். வழியெல்லாம் துவரை அறுத்த காடுகள் காய்ந்து கிடந்தன. "இது அறுவடை ஆனதும்தான் மாமா நமக்குத் தலைவலி" என்றான் மச்சான். துவரையில் பண்டிகை கொண்டாடிய பூச்சிக்கு அடுத்த பந்தி தக்காளியில்தானாம். துவரை, கடலை, பருத்தி, வெண்டை, மிளகாய், மக்காச்சோளம் என்று எதையும் வேண்டாம் என்று சொல்லாத ஜீவன் அது. பச்சைக் காய்ப்புழு என்பது பேர். சில சமயம் பழுப்பாகவும் இருக்கும். பேரை மட்டும் மாற்றிக்கொள்ளாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமா எழுப்பினார். வெளியே பனி. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

தக்காளிக் காடு இப்போது நாம் சின்ன வயதில் பார்த்த மாதிரி இல்லை. தரையில் படர்ந்து கிடப்பதில்லை. பாத்தி மேல் பிளாஸ்டிக் ஷீட், அதில் ஓட்டை போட்டுச் செடி, அடியில் சொட்டு நீர்க் குழாய், மேலே கம்பு நட்டுக் கம்பி இழுத்துச் செடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நடுநடுவே ஒரு வரிசை செண்டுமல்லி, மஞ்சளாக. அழகுக்கு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அழகுக்கு இல்லையாம், அதைப் பிறகு சொல்கிறேன். அங்கங்கே குச்சியில் ஒரு புனல் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி ஏதோ ஒன்று, அதன் கீழே நீளமாக ஒரு பாலிதீன் பை. மாமா பையைத் தூக்கிப் பார்த்து எண்ணினார். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டு.

"பதினொண்ணு" என்று எழுதிக்கொண்டார். முகம் மாறியது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் காலேஜ் ப்ரொபசர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். அப்படி ஒரு டே புக்! தேதி, பொறி நம்பர், விழுந்த அந்துப்பூச்சி. மூணு, ரெண்டு, நாலு, மூணு என்று வந்து, அன்றைக்குத் திடீரென்று பதினொண்ணு.

அதுதான் இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஒரு ரப்பர் துண்டில் ஏற்றி உள்ளே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆண் பூச்சி கல்யாணக் கனவோடு வந்து பைக்குள் விழுகிறது. விழுவதெல்லாம் ஆண். முட்டை வைக்கிற பெண் வெளியே சௌக்கியமாக இருக்கிறது. அதனால் இதை வைத்துப் புழுவை ஒழித்துவிட முடியாது. ஆனால் எப்போது முட்டை விழப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஏக்கருக்கு ஐந்து பொறி. ரப்பர் துண்டைப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும்.

"இனி மூணு நாள் மாப்பிள்ளை" என்றார் மாமா. "நம்ம கையில இருக்கறது அவ்வளவுதான்."

அந்த மூணு நாளைத்தான் நான் பார்க்கப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பூச்சி முட்டைகளைக் கும்பலாக வைப்பதில்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு இடத்தில், பூங்கொத்துக்குப் பக்கத்து இளம் இலையில் வைத்துவிட்டுப் போகிறது. ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் வைக்கும். மூணு நாள் சுமாரில் முட்டை பொரிகிறது. வருகிற குஞ்சுப் புழு இலையையும் மொட்டையும் கொஞ்சம் சுரண்டித் தின்றுவிட்டு, பல் முளைத்ததும் காயைத் தேடிப் போகிறது. காய்க்குள் தலையை விட்டுவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் அதன் மேல் சரியாகப் படாது. தலை உள்ளே, பாதி உடம்பு வெளியே. குளிருக்குப் போர்வைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொள்கிறவர்களைப் போல. ஒரே காயோடு திருப்திப்பட்டால் கூடப் போனால் போகிறதென்று விட்டுவிடலாம். அதுதான் இல்லை. ஒரு காயைப் பாதி தின்று, ருசி சரியில்லையோ என்னவோ, அடுத்ததற்குப் போகும். அப்படியே ரெண்டு மூணு வாரம். அப்புறம் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு. ஒரே காயில் இரண்டு புழு சந்தித்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். அந்த ஒரு நல்ல குணம் மட்டும் உண்டு.

ஆகவே முட்டையில் பிடிக்க வேண்டும், அல்லது பொரிந்த ஒன்றிரண்டு நாளில் பிடிக்க வேண்டும். ஓட்டையைப் பார்த்துவிட்டு மருந்தைத் தேடிக் கடைக்கு ஓடுவது, திருடன் போன பிறகு திண்ணையில் படுப்பது.

முட்டை எப்படி இருக்கும்? இதற்கு மாமாவே, "ஆயாவைக் கேளுங்க" என்று கைகாட்டிவிட்டார்.

ஆயா என்றால் மாமாவின் அம்மா. எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவர். அவருக்கென்று மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாக ஒரு தோட்டம், எட்டு நாட்டுத் தக்காளிச் செடி. அதில் ஒட்டு ரகம் கிடையாது, மருந்து கிடையாது, மாமாவுக்கு அதிகாரமும் கிடையாது. வீட்டு ரசம் அங்கிருந்துதான்.

"அந்தத் தக்காளியைச் சமையலுக்கு எடுக்க மாட்டீங்களா ஆயா?" என்று காட்டுப் பக்கம் காட்டினேன்.

"அது ஊருக்கு. இது நமக்கு" என்றார் ஆயா. மாமா வானத்தைப் பார்த்தார். சில வீடுகளில் சில பேச்சு இப்படித்தான் நடக்கும்.

ஆயா கண்ணாடி போடுவதில்லை. இலையைத் திருப்பி ஒரு இடத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தேன். கசகசாவில் பாதி, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம், உருண்டையாக ஒரு புள்ளி.

"எல்லா இலையும் பாக்காதே சாமி. இருட்டிப் போயிரும். உச்சிப் பூங்கொத்து இருக்குதுல்ல, அதுக்குக் கீழ முதல் இலை. அங்கதான் வைக்கும். அங்க இல்லேன்னா அடுத்த செடி."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. மொட்டை மாடிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். புழு வளர்ந்துவிட்டதென்றால் ஆயா காயைப் பார்ப்பதில்லை. கீழே இலையில் எச்சம் பார்க்கிறார். ஈரமாக, பச்சையாக, குருணை மாதிரி கிடந்தால் நேர் மேலே ஆள் இருக்கிறது. காய்ந்து கறுத்துப்போன எச்சம் என்றால் ஆள் வேறு காய்க்கு வீடு மாறியாயிற்று. காலை வெயில் ஏறுவதற்குள்ளும், சாயங்காலம் மங்கலிலும் பார்க்கிறார். கையால் பிடித்துக் கொட்டாங்கச்சியில் போட்டு, கோழிக்கு வைக்கிறார். ஓட்டைக் காயையும் வரப்பில் எறிவதில்லை. எறிந்தால் புழு நடந்து மண்ணுக்குள் போய் அடுத்த மாதம் ரெக்கையோடு வரும். அதுவும் கோழிக்கே. அந்த வீட்டுக் கோழிகள் ஆயா கொட்டாங்கச்சியோடு வருவதைப் பார்த்தால் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, கல்யாணத்தில் முதல் பந்திக்குக் கூட நம் ஜனங்கள் அப்படி ஓடுவதில்லை.

எட்டுச் செடிக்கு இது போதும். 14 செடிக்கும் போதும். ஒன்றரை ஏக்கருக்கு?

அங்கேதான் வீட்டில் சண்டை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஆரம்பித்தான். "அப்பா, பக்கத்துக் காட்டுல நேத்தே அடிச்சுட்டாங்க. நாம மட்டும் நோட்டு எழுதிட்டு இருக்கறோம். கூட்டுறவு பேங்க்ல தவணை இருக்குது. ஒரே ஒரு அடி அடிச்சுட்டா நிம்மதி."

"திங்கக்கிழமை பறிப்பு இருக்குதுடா."

"இருக்கட்டும்."

"டப்பாவுல போட்டிருக்கறதைப் படி."

மச்சான் படிக்கவில்லை. நான் படித்தேன். எறும்பு சைஸ் எழுத்தில், மருந்து அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தக்காளியோ பழுக்க ஆரம்பித்துவிட்டால் மூணு நாலு நாளைக்கு ஒரு பறிப்பு. டப்பா சொல்கிற நாள் வேறு, செடி சொல்கிற நாள் வேறு. காத்திருந்தால் பழம் கனிந்து லாரிக்கு ஆகாது. காத்திருக்காவிட்டால் அது அப்படியே நம் ரசத்துக்கு வருகிறது. கடையில் தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரியும்? "யாருப்பா பாக்கப் போறாங்க?" என்றான் மச்சான். அவன் கெட்ட பையன் இல்லை. தவணை அவன் பேரில் இருக்கிறது.

மாமாவுக்கு வேறொரு பயமும் உண்டு. இந்தப் புழுவுக்கு மருந்து பழகிப் போகும். 1987-ல் ஆந்திராவில் கிருஷ்ணா, குண்டூர் பக்கம் பருத்தியில் அதைப் பார்த்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த பைரித்ராய்டு மருந்துகளைத் திருப்பித் திருப்பி அடித்தும் புழு சாகவில்லை. கடன் வாங்கி அடித்த விவசாயிகள்தான் செத்தார்கள். "அடிக்க அடிக்க அதுக்கு வீரியம் ஏறுது. நமக்குக் கடன் ஏறுது" என்றார்.

ஆயா ஒன்றும் பேசவில்லை. மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஒரு சின்ன தெர்மோகோல் பெட்டி வந்தது. திறந்தால் உப்புக் காகிதம் மாதிரி சொரசொரப்பான அட்டைகள். ஒட்டுண்ணி அட்டை. ட்ரைக்கோகிரம்மா என்று ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டும் என்று பயந்துவிட வேண்டாம், முழு ஆளே ஒரு மில்லிமீட்டர் கிடையாது. அது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும். இதை விற்பதற்காக நெல் அந்துப்பூச்சி முட்டையில் வளர்த்து, அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். பூ விட்ட நாளிலிருந்து மாமா வாரம் ஒரு தடவை வரவழைத்துக் கட்டுகிறார். வெயில் தாழ்ந்த பிறகு, துண்டு துண்டாக வெட்டி, இலைக்கு அடியில், எறும்பு ஏறாமல். நானும் நாற்பது துண்டு கட்டினேன். என் வாழ்க்கையில் இத்தனை ஆயிரம் பேரை வேலைக்கு அமர்த்தியது அதுதான் முதல் தடவை.

மருந்து அடித்தால் முதலில் சாகிறது இந்தக் குளவிதான். ஆகவே ரெண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. ஒன்றை நம்பினால் மற்றதை விட வேண்டும். மச்சானின் கோபமும் மாமாவின் பிடிவாதமும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றன.

கட்டி முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தபோது ஆயா ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். காகிதக் கூடு மாதிரி ஒரு உறை, உள்ளே பச்சைக் கோலி. சொடக்குத் தக்காளி! நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்போமே, அதேதான். உறை காய்ந்து பழுத்தால் தின்னலாம்.

நம் ஊரில் தக்காளி என்ற பேர் முதலில் இந்த வகையறாவுக்குத்தான் இருந்தது. சிவப்புத் தக்காளி கடல் தாண்டி வந்து, சீமைத் தக்காளி என்று கொஞ்ச காலம் பவ்யமாக இருந்து, அப்புறம் 'சீமை'யை உதறிவிட்டுப் பேரை மொத்தமாக எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் சொடக்கு என்றும் மணம் என்றும் அடைமொழி போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறார். இதே கதை மெக்சிகோவிலும் நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அங்கே சொடக்குத் தக்காளிக்கு ஒரு பெரியண்ணன் உண்டு, டொமாட்டியோ என்று. எலுமிச்சம்பழ சைஸில் பச்சையாக, அதே காகித உறையோடு. அவர்களுடைய பச்சைச் சட்னிக்கு அதுதான் ஆதாரம். அந்த ஊர்ப் பழைய நாவாட்டில் மொழியில் 'டொமாட்டில்' என்றால் இந்த உறை போட்டது. சிவப்புக்கு 'ஷிடொமாட்டில்' என்று வேறு பேர். ஸ்பெயின்காரர்கள் முன்பாதியைத் தொலைத்துவிட்டு இரண்டையும் தோமாத்தே ஆக்கி, உலகத்துக்கும் அதையே ஏற்றுமதி செய்துவிட்டார்கள். மெக்சிகோவின் நடுப்பகுதியில் மட்டும் இன்றைக்கும் தோமாத்தே என்று கேட்டால் பச்சையைத்தான் எடுத்துத் தருவார்கள்.

உறை இருந்தால் புழு வராதோ என்று கேட்டேன். ஆயா சிரித்தார். உறை இருப்பது புழுவுக்கு இன்னும் வசதி. அமெரிக்கக் கண்டத்தில் நம் காய்ப்புழுவின் உறவுக்காரப் புழு ஒன்று இந்த உறை போட்ட இனத்தை மட்டுமே தின்று பிழைக்கிறது. உள்ளே போய்விட்டால் பறவைக்கும் தெரியாது, குளவிக்கும் கஷ்டம். வாடகை இல்லாத ஏ.சி. ரூம்.

சனிக்கிழமை காலை கணக்குப் பார்க்கும் நாள்.

மாமா நூலகத்தில் எழுத்து பார்க்கிறவர்கள் வைத்திருப்பது போல ஒரு லென்ஸ் வைத்திருந்தார். காட்டின் குறுக்கே நடந்து இருபது செடி. ஆயா சொன்ன இலை மட்டும். மச்சானும் வந்தான், கையைக் கட்டிக்கொண்டு. எழுதுகிற உத்தியோகம் எனக்கு. குளவி புகுந்த முட்டை கறுத்துவிடும். புகாதது வெள்ளையாகவே இருக்கும். கடன் ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். இதற்குத்தானா மூன்று வருஷம் அக்கவுண்டன்சி படித்தேன்!

"கறுப்பு."

"கறுப்பு."

"வெள்ளை."

"இதுவும் வெள்ளை" என்றான் மச்சான். குரலில் லேசாக ஒரு சந்தோஷம்.

செண்டுமல்லி வரிசைக்கு வந்தோம். அங்கே மொட்டுக்கு மொட்டு முட்டை. இதற்காகத்தான் அந்த வரிசை. பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொன்ன முறை. தக்காளி நாற்று 25 நாள் வயசில் நடும்போது, செண்டுமல்லி நாற்று 40 நாள் வயசாக இருக்க வேண்டும். அப்போதுதான் ரெண்டும் ஒன்றாகப் பூக்கும். பூச்சிக்குத் தக்காளிப் பூவைவிடச் செண்டுமல்லி மேல் மோகம் ஜாஸ்தி. ஆனால் நட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அதுவே புழுவுக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம் ஆகிவிடும். அந்த வரிசையை மட்டும் அத்தை தினமும் பார்த்துப் புழு பொறுக்குகிறார். புழு தின்றது போக மீதிப் பூவைக் கட்டி விற்கிறார். அந்தக் காசு மாமா கணக்கில் வராது என்பதையும் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

தக்காளியில் மொத்தம் 31 முட்டை. கறுப்பு 22, வெள்ளை 9.

மச்சான் நோட்டை வாங்கி மறுபடி கூட்டினான். கூட்டல் சரிதான். சரிபார்த்துவிட்டு, "அந்த ஒம்போது என்ன பண்றது?" என்றான். நியாயமான கேள்வி.

"வேப்பங்கொட்டை" என்றார் மாமா. "ஆனா ராத்திரியே ஊற வச்சிருக்கணும். நாளைக்குத்தான் ஆகும்."

"நேத்து ராத்திரியே ஊறப் போட்டுட்டேன்" என்றது ஆயாவின் குரல், கொட்டகைப் பக்கமிருந்து. மோர் ஊற்றும்போது பேசாமல் இருந்ததன் அர்த்தம் அப்போது புரிந்தது.

100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. ஒன்றிரண்டாக இடித்து, துணியில் மூட்டை கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பால் மாதிரி வருகிற வரைக்கும் பிழிந்து, காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, அன்றைக்குச் சாயங்காலமே தெளித்துவிட வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். மறுநாளைக்கு வைத்தால் மாடு கூடத் திரும்பிப் பார்க்காது. மாடிக்காரர்களுக்கு லிட்டருக்கு 50 கிராம். இது புழுவை உடனே சாகடிப்பதில்லை. பசியைக் கெடுக்கிறது, குஞ்சுப் புழு தோலுரிக்க விடாமல் செய்கிறது. பெரிய புழுவிடம் இந்தப் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. அதற்குத்தான் மறுபடி அந்த மூணு நாள்.

புழுவுக்கே வியாதி வரவழைக்கிற என்.பி.வி. என்ற வைரஸ் கரைசலும் உண்டு. வெல்லம் கலந்து சாயங்காலம் அடிப்பார்கள். வியாதி கண்ட புழு செடி உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கி, உள்ளே தண்ணீராகிப் போகும். போன வருஷம் அடித்த படத்தை மாமா செல்போனில் காட்டினார். டிபன் சாப்பிடும் நேரத்தில் காட்டியிருக்க வேண்டாம்.

ஓசைப்படாமல் இன்னொரு ஆள் வேறு வந்திருக்கிறார். ஊசிப்புழு. தென் அமெரிக்காக்காரர். 2006-ல் ஸ்பெயினுக்கு வந்து, 2014-ல் இந்தியாவில் மகாராஷ்டிராவில் தலைகாட்டி, கொஞ்ச காலத்திலேயே இந்தப் பக்கமும் வந்துவிட்டார். இலைக்குள் புகுந்து பச்சையத்தைச் சுரண்ட, இலை வெந்த அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. காயில் காம்போரம் ஊசிமுனை ஓட்டை. அவருக்கு வாசனை வேறு. ஆகவே பொறியில் வைக்கிற ரப்பர் துண்டும் வேறு. மாமா காட்டில் அதற்கும் தனியாகத் தொங்குகிறது. நோட்டில் அதற்கென்று தனிப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. வேப்பம் வாசனையில் காடே ஒரு நாட்டு மருந்துக் கடை மாதிரி இருந்தது. 'டி' எழுத்து மாதிரி நட்டிருந்த குச்சிகளில் கரிச்சான் குருவிகள் உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. சம்பளம் இல்லாத சூப்பர்வைசர்கள்.

திங்கட்கிழமை விடிகாலையில் பறிப்பு. ஆள், கூலி, கூடை, சத்தம். மர நிழலில் அத்தையும் இரண்டு பெண்களும் தரம் பிரித்தார்கள். ஓட்டை உள்ளது தனி. 62 கிரேட் நல்லது. ஓட்டை ஒன்றரை கிரேட். கோழிகள் காத்திருந்தன. பக்கத்துக் காட்டிலும் அன்றைக்குத்தான் பறித்தார்கள். அங்கே ஓட்டை எத்தனை என்று மச்சான் நடந்து போய் விசாரித்துவிட்டு வந்தான். என்ன பதில் கிடைத்தது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வந்ததும் அவனே குனிந்து கிரேட்டுகளைத் தூக்கி வண்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

மண்டியில் கமிஷன்காரர் ஒரு கிரேட்டுக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தினார். ஓட்டை இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவதைப் பார்க்காமலே விலை சொன்னார். கிரேட் 190. பக்கத்தில் மருந்து அடித்து வந்த கிரேட்டுக்கும் 190. ஓட்டை இல்லாததற்கு விலை உண்டு. ஏன் ஓட்டை இல்லை என்பதற்கு மண்டியில் காலம் போடவில்லை. பறிப்புக் கூலி, வண்டி, கமிஷன் போக என்ன நிற்கும் என்று நான் சிகரெட் அட்டையில் போட்டுப் பார்த்தேன். மாமா அட்டையை வாங்கி, பார்க்காமல் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

லாரிக்காரர்கள் "சென்னை, சென்னை" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மச்சான் காட்டிலிருந்து போன் பண்ணினான். அன்றைக்குப் பொறி பார்க்கும் டூட்டி அவனே கேட்டு வாங்கிக்கொண்டது.

"எத்தனைடா?" என்றார் மாமா.

போனைத் தாண்டி எனக்கே கேட்டது. "ஒம்போதுப்பா."

"ஒம்போதா? அட்டை வெள்ளிக்கிழமைதானே வரும்... வேப்பங்கொட்டை எவ்வளவு இருக்குது?"

"மூணு கிலோதான். எல்லாம் சனிக்கிழமை தீர்ந்து போச்சு."

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"ஆயாகிட்டக் கேளு. பரண்ல பழைய பாய்க்குப் பின்னால ஒரு மூட்டை வச்சிருப்பாங்க."